பக்கவாதம் வந்த அப்பாவைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகலாமா?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 66. பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் இடது காலும் தளர்ந்துவிட்டன. வீட்டுக்குள் ஊன்றுகோலுடன் நடக்கிறார். வெளியே ஐம்பது மீட்டர் போனால் உட்கார இடம் தேடுகிறார். நீரிழிவுக்கு இன்சுலின், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. பேத்தியின் விடுமுறைக்காகக் குடும்பத்தோடு விமானத்தில் போய் ஒரு பெரிய தீம் பார்க்கில் நான்கு நாட்கள் கழிக்க நினைக்கிறீர்கள். எந்தச் சவாரிகளில் அவர் ஏறலாம், சக்கர நாற்காலியில் போனால் வரிசையில் முன்னால் விடுவார்களா, பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அவரை அழைத்துப் போனால் எல்லோருடைய விடுமுறையும் கெட்டுவிடும் என்று உறவினர்கள் சொல்வதாக ஒரு வாக்கியம் இருக்கிறது. மற்ற மூன்றும் அந்த வாக்கியத்துக்குப் பதில் தேடுபவை என்றே எனக்குப் படுகிறது.

நான் பக்கவாத நோயாளிகளின் மறுவாழ்வுப் பயிற்சியில் பல ஆண்டுகளாக இருக்கும் பிசியோதெரபிஸ்ட். நடை, சமநிலை, நாற்காலியிலிருந்து இன்னொரு இருக்கைக்கு மாறுவது ஆகியவை என் தொழில். அவற்றில் உறுதியாகப் பேசுவேன். இதயம், சர்க்கரை, மருந்து பற்றி எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை நான் நேரில் பார்த்ததில்லை என்பதும் ஒரு வரம்புதான். இத்தனைக்கும் உட்பட்டு என் பதில்: மருத்துவர் பயணத்துக்குச் சம்மதித்தால் அழைத்துப் போங்கள். ஆனால் சவாரிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். ஒரு சவாரி மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். பூங்காவில் செலவழிக்கும் மீதி எட்டு ஒன்பது மணி நேரம் நடப்பதிலும், காத்திருப்பதிலும், வெயிலிலும், கழிப்பறையைத் தேடுவதிலும், ஏறி இறங்குவதிலும்தான் போகும். அப்பா தளர்ந்துபோவது அந்த நேரத்தில்தான். அதைத் திட்டமிட்டுவிட்டால் சவாரிகள் தாமாக இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனவே புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே சிலவற்றை அளந்து எழுதி வையுங்கள். நிற்காமல் எத்தனை மீட்டர் நடக்கிறார்? எதன் மீதும் சாயாமல் எத்தனை நிமிடம் நிற்கிறார்? வலது கையை மட்டும் ஊன்றி எவ்வளவு தாழ்வான இருக்கையிலிருந்து எழுகிறார்? எதையாவது பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் தடுப்பைத் தாண்டி இடது காலைத் தூக்கி வைக்க முடிகிறதா? இவற்றை மாலையில், அவர் களைத்திருக்கும்போது அளக்க வேண்டும். "நன்றாகத்தான் நடக்கிறார்" என்று என்னிடம் சொல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் பார்த்திருப்பது காலை வேளையில், பழகிய தரையில், பத்து மீட்டர் நடையை. பெரிய பூங்காவின் அளவே வேறு. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகருக்கு அருகேயுள்ள எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றியுள்ள பாதை மட்டும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஐம்பது மீட்டரில் உட்காருபவர் அங்கே நடந்து சமாளிப்பார் என்ற பேச்சுக்கே இடமில்லை. சக்கரம் வேண்டும், அதில் சந்தேகம் வேண்டாம். சக்கர நாற்காலியில் உட்கார அவர் கூச்சப்படலாம். நடக்க முடியாததற்காக அது வரவில்லை, நடக்கும் சக்தியைச் சவாரியில் ஏறி இறங்கச் சேமித்து வைக்கத்தான் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் உண்மையும்கூட.

பேட்டரி ஸ்கூட்டர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இடப்பக்கம் தளர்ந்திருக்கிறது என்றால் பாதிப்பு மூளையின் வலது பாதியில். அப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடும். கண் நன்றாகத் தெரியும். ஆனால் இடது பக்கம் இருப்பதை மூளை பொருட்படுத்தாது. வேறு சிலருக்குப் பார்வைப் பரப்பிலேயே இடது பாதி போயிருக்கும். முகச்சவரம் செய்யும்போது இடது கன்னத்தில் முடி விட்டுப்போகிறதா, தட்டின் இடது பாதியில் உணவு மீந்துபோகிறதா, கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் கூட்டத்துக்குள் ஸ்கூட்டரை அவர் கையில் கொடுக்காதீர்கள். குறுக்கே ஓடிவரும் குழந்தை இடப்பக்கமிருந்து வந்தால் அவர் பார்க்கப் போவதில்லை. இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, மருத்துவரும் ஆட்சேபிக்கவில்லை என்றால், ஊரில் ஒரு திறந்த வெளியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக், பின்னால் எடுப்பது, குறுகிய வளைவு மூன்றையும் பாருங்கள். முடுக்கும் நெம்புகோல் எந்தக் கைக்கு இருக்கிறது என்பதையும் வாடகைக்குக் கொடுப்பவரிடம் முன்பே கேளுங்கள்.

என் பரிந்துரை, பெரிய பின்சக்கரம் உள்ள, மடக்கக்கூடிய சாதாரண சக்கர நாற்காலி. நான்கும் சிறு சக்கரங்களாக இருக்கும் இலகுரக வண்டி விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்குச் சரி. கல் பதித்த பாதையிலும் தண்டவாளப் பள்ளத்திலும் முன்சக்கரம் மாட்டி ஆளை முன்னால் தள்ளிவிடும். வீட்டில் இருப்பதையே எடுத்துப் போவதில் இன்னொரு லாபம் உண்டு. பூங்காக்களில் வாடகை நாற்காலிகள் பெரும்பாலும் நுழைவாயிலைத் தாண்டித்தான் கிடைக்கும். அந்த நாளின் மிக நீண்ட நடை வாகன நிறுத்தத்திலிருந்து அந்த வாயில் வரைதான். உதாரணமாக வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டமில் பொது வாகன நிறுத்தத்தில் காரை விட்டால், அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்த பிறகே வாயிலுக்கு வருவீர்கள். வாடகை நாற்காலியை நம்பிப் போனவர்கள் அது கைக்குக் கிடைக்கும் முன்பே அப்பாவைக் களைப்படைய வைத்துவிடுகிறார்கள். பூங்காவில் எடுத்த வாடகை வண்டியை வெளியே கொண்டுபோகவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். விடுதிக்குத் திரும்பும்போது மறுபடி அதே நடை.

வரிசை பற்றி நிறையத் தவறான நம்பிக்கை உலவுகிறது. சக்கர நாற்காலி முன்னுரிமைச் சீட்டு அல்ல. புதிய பூங்காக்களில் வரிசைப் பாதையே சக்கர நாற்காலி போகும் அகலத்தில் கட்டப்பட்டிருக்கும். மற்றவர்களோடு நீங்களும் அதே வரிசையில்தான் போவீர்கள். படிக்கட்டு, குறுகிய வளைவு உள்ள பழைய சவாரிகளில் மட்டும் வேறு வழி காட்டுவார்கள், அல்லது இத்தனை மணிக்குத் திரும்பி வாருங்கள் என்று நேரம் குறித்துத் தருவார்கள். அந்த நேரம் பெரும்பாலும் வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்கும் நேரத்துக்குச் சமமாகவே இருக்கும். காத்திருப்பு குறைவதில்லை, நிழலில் உட்கார்ந்து காத்திருக்கலாம், அவ்வளவுதான். டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் 'டிஸபிலிட்டி ஆக்ஸஸ் சர்வீஸ்' என்ற ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. 2024-இல் அதைச் சுருக்கி, ஆட்டிசம் அல்லது அது போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நெடுநேரம் காத்திருக்க முடியாதவர்களுக்கு என்று வரையறுத்தார்கள். நடக்க முடியாது என்பது மட்டும் அங்கே போதாது. யூனிவர்சல் ஆர்லாண்டோவில் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்து அடையாள எண் பெற்று வரச் சொல்கிறார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. நண்பர் இரண்டு ஆண்டுக்கு முன் போய்வந்த அனுபவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாமல், பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வழிகாட்டியைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு முறை, அந்த வாரத்தில் ஒரு முறை படியுங்கள்.

அந்த வழிகாட்டியில் உங்களுக்கு உதவப்போவது பரபரப்பு மதிப்பீடோ உயர வரம்போ அல்ல. ஏறும் முறையைக் குறிக்கும் சிறு வரியைத் தேடுங்கள். நாற்காலியிலேயே இருக்கலாம், ஸ்கூட்டரிலிருந்து சாதாரண சக்கர நாற்காலிக்கு மாற வேண்டும், சவாரி வண்டிக்கே மாற வேண்டும், தாமாக நடக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்று சவாரிக்குச் சவாரி வேறுபடும். ஸ்கூட்டரில் போனவருக்குச் சில இடங்களில் கதவு மூடியிருப்பதும் சாதாரண நாற்காலியில் போனவருக்குத் திறந்திருப்பதும் இதனால்தான். ஆர்லாண்டோவின் டிஸ்னி பூங்காவிலுள்ள ஜங்கிள் குரூஸ் என்ற படகுச் சவாரியில் சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றும் படகு இருக்கிறது. அங்கேயே டிஸ்னியின் இன்னொரு சவாரியான கிளிமஞ்சாரோ சஃபாரியிலும் நாற்காலியிலிருந்து இறங்காமல் விலங்குகளைப் பார்க்கலாம். ஹாண்டட் மேன்ஷன் போன்ற சவாரிகளில் வண்டிகள் நிற்பதே இல்லை, நகரும் தளத்தில் நடந்துகொண்டே ஏற வேண்டும். ஆனால் ஊழியரிடம் முன்பே சொன்னால் அதன் வேகத்தைக் குறைப்பார்கள், தேவையானால் நிறுத்துவார்கள். வாய் திறந்து கேட்பவர்களுக்குத்தான் இது கிடைக்கிறது.

வண்டிக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில், பெரும்பாலான பூங்காக்களில் ஊழியர்கள் கை கொடுத்துத் தூக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தடை. குடும்பத்தில் ஒருவர் இதைப் பழகியிருக்க வேண்டும். நாற்காலியைச் சற்றுச் சாய்வாக, அப்பாவின் வலது பக்கம் வண்டியை ஒட்டி வரும்படி நிறுத்துங்கள். இரண்டு பிரேக்குகளையும் போட்டு, காலடித் தட்டுகளை மடக்குங்கள். அவர் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களைத் தாண்டும் அளவுக்கு முன்னால் குனிந்த பிறகே எழ வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் செய்யும் பிழை நேராக மேலே எழ முயல்வது. குனியாமல் எழுந்தால் பின்னாலேயே விழுவார்கள். நீங்கள் அவருடைய இடப்பக்கம் நின்று, இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்து, உங்கள் முழங்காலால் அவருடைய இடது முழங்கால் மடங்காமல் தாங்குங்கள். இடது கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடவே கூடாது. தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும். அந்த வலி மாதக் கணக்கில் நிற்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. வலது பக்கம் முன்னால் போக நகர்வதுதான் அவருக்குச் சுலபம். வண்டியின் இடப்புறம் ஏறி வலப்புறம் இறங்கும் சவாரியில் இரு முறையும் நல்ல பக்கமே முன்னால் போகும். ஏறிய பக்கமே இறங்க வேண்டிய சவாரியில் ஏதோ ஒரு முறை தளர்ந்த பக்கம் முன்னால் போயாக வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களை வெளியேறும் வாயில் வழியாக ஏற்றுவது வழக்கம் என்பதால் இந்த இரண்டாவது நிலைமைதான் அதிகம் வரும். ஆகவே வீட்டில் இரு பக்கமும் மாறப் பழகட்டும். இப்போது 45 சென்டிமீட்டர் உயர இருக்கையிலிருந்து எழுகிறார் என்றால், அதைவிடச் சற்றுத் தாழ்ந்த இருக்கைக்கு வாரத்துக்கு வாரம் இறக்கிக்கொண்டே வாருங்கள். சவாரி வண்டிகளின் இருக்கை பெரும்பாலும் வீட்டு நாற்காலியைவிடத் தாழ்வு. படகுச் சவாரியில் இன்னும் மோசம். விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி உட்கார வேண்டும்.

ஏறிவிட்டால் போதுமா என்பது அடுத்த கேள்வி. சவாரிகள் நடுவழியில் நிற்பதுண்டு. மின்தடை, உணர்கருவிக் கோளாறு, யாரோ தொப்பியைத் தவறவிட்டது என எதற்கும் நிற்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் மறுபடி ஓடும். சில சமயம் எல்லோரையும் அங்கேயே இறக்கி, குறுகிய நடைமேடையிலோ படிக்கட்டிலோ நடத்திக் கூட்டிவருவார்கள். நாற்காலி கீழே இருக்கும், அப்பா மேலே இருப்பார். ஒவ்வொரு சவாரியின் ஊழியரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: நடுவில் நின்றால் இவரை எப்படி இறக்குவீர்கள்? தெளிவான பதில் வந்தால் ஏறலாம். பதில் சொல்லத் தடுமாறினால் அந்தச் சவாரி வேண்டாம். ஊழியர்கள் மறுத்தால் வாதாடவும் வேண்டாம். 2011 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில், போரில் இரண்டு கால்களையும் இழந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் ரோலர் கோஸ்டரிலிருந்து வீசப்பட்டு இறந்தார். இரு கால்களும் உள்ளவர்களே ஏறலாம் என்பது அந்தச் சவாரியின் விதி. ஊழியர்கள் அவரை ஏற்றிவிட்டார்கள். மடியில் இறங்கும் தண்டு தொடையையும் இடுப்பையும் பிடித்துத்தான் ஆளை நிறுத்துகிறது. கையால் இறுகப் பிடிக்க முடியாதவர், உடம்பை நிமிர்த்தி வைக்க முடியாதவர் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. உங்கள் அப்பாவுக்கு ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவ ரீதியாக எந்தச் சவாரி ஆபத்து என்பதில் உறுதியானது ஒரு பங்கு, ஊகம் இரண்டு பங்கு. ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் 55 ஆரோக்கியமானவர்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். சராசரி நிமிடத்துக்கு 91-லிருந்து 153 வரை ஏறியது. இது உறுதி. ரோலர் கோஸ்டரில் போன பிறகு மூளை உறைக்கடியில் ரத்தக் கசிவும், கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவதும் நேர்ந்த தனித்தனி நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வெளியாகியிருப்பதும் உறுதி. அது எத்தனை பேரில் ஒருவருக்கு நேரும் என்பதற்கு நம்பத்தகுந்த கணக்கு இல்லை. மிக அரிது என்பதே பொதுவான கருத்து. ஆனால் அந்தக் கருத்து ஆரோக்கியமானவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. ஏற்கெனவே பக்கவாதம், ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து மூன்றும் சேர்ந்த ஒருவருக்குத் தலையைக் குலுக்கும், திடீரென விழும், மோதும் சவாரிகள் வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. குழந்தைகளின் மோதுகார் விளையாட்டையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுழலும் சவாரிகள் ஆபத்து என்பதைவிடத் தலைச்சுற்றலால் அன்றைய மீதி நேரத்தைத் தின்றுவிடும். படகு, ரயில், மெதுவான இருட்டுச் சவாரி, மேடை நிகழ்ச்சி, அணிவகுப்பு ஆகியவை அவருக்கு உகந்தவை. பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் மின்னும் விளக்குகள் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

படிக்கும் மற்றவர்களுக்காக இடையில் ஒரு வார்த்தை. இன்சுலின் பம்ப் அணிபவர்கள் அதிவேகச் சவாரிக்கு முன் அதைக் கழற்றுவது பற்றித் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். கழற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பாதுகாப்பு வாயிலில் நின்றுவிடாமல் இயல்பான வேகத்தில் கடக்கலாம். கையில் பிடிக்கும் சோதனைக் கருவியைப் பேஸ்மேக்கர் இருக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. சில ரோலர் கோஸ்டர்கள் காந்த விசையால் ஏவப்படுகின்றன, காந்த விசையால் நிறுத்தப்படுகின்றன. அவற்றில் ஏறுவது பற்றி உங்கள் கருவியின் பெயரைச் சொல்லி இதய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்சுலினுக்கு வருவோம். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதைப் பல வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வைத்திருக்கலாம். வகைக்கு வகை மாறும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். வெப்பம் மட்டுமல்ல, அதிகக் குளிரும் அதைக் கெடுக்கும். பனிக்கட்டிப் பையை நேராக ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகும். நடுவே ஒரு துணி வேண்டும். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகள் ஆவியாவதால் வேலை செய்பவை. காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் அவை பெரிதாகக் குளிர்விக்காது. பெரிய பூங்காக்களின் முதலுதவி மையத்தில் மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்துத் தருவார்கள், படுக்கவும் இடம் தருவார்கள். முதல் நாள் உள்ளே போனதும் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும், சர்க்கரை எதிர்பாராமல் இறங்கும். தாழ் சர்க்கரைக்கு 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி அளப்பது பொதுவான முறை. அந்தச் சர்க்கரை நாற்காலியின் பையில் அல்ல, அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். சவாரி நடுவில் நின்றால் நாற்காலி கூட இருக்காது. தாழ் சர்க்கரையில் பேச்சுக் குழறுவதும் பக்கவாதத்தில் குழறுவதும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். உடனே சர்க்கரையை அளவிடுங்கள், ஆனால் அதற்காக அவசர உதவியை அழைப்பதைத் தாமதிக்காதீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரைகளும் சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளும் வெயிலில் தலைசுற்றலைக் கூட்டும். சிறுநீர் மாத்திரை நேரத்தைப் பூங்கா நாளில் மாற்றலாமா என்பது மருத்துவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். துணையாள் கூடவே போகக்கூடிய தனிக் கழிப்பறைகள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் வட்டமிட்டு அவரிடமே கொடுத்துவிட்டால் தண்ணீர் குடிப்பார். இடது காலில் பாதம் தொங்காமலிருக்கப் பட்டை அணிகிறார் என்றால் தண்ணீர் தெறிக்கும் சவாரிகளைத் தவிர்க்கலாம். நனைந்த காலுறையோடு பட்டை உராய்ந்தால் உணர்வு குறைந்த, நீரிழிவுள்ள காலில் புண் வந்ததே தெரியாது. மாற்றுக் காலுறை இரண்டு பையில் இருக்கட்டும். இரவில் பாதத்தை யாராவது ஒருவர் பார்த்துவிடுங்கள்.

நான்கு நாளும் பூங்கா என்ற திட்டத்தை மாற்றச் சொல்வேன். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. தசை வலுவாக இருப்பவருக்கும் வரும், தூங்கினாலும் முழுதாகத் தீராது, முந்தைய நாளின் கணக்கை மறுநாள் கேட்கும். முதல் நாள் அவர் உற்சாகமாக இருந்தார் என்பதை வைத்து இரண்டாம் நாளைத் தீர்மானித்தால், விழுவது அன்றுதான். ஒரு நாள் பூங்கா, ஒரு நாள் ஓய்வு என்று மாற்றி மாற்றி வையுங்கள். பூங்கா நாளில் திறக்கும் நேரத்துக்குப் போய், உச்சி வெயிலுக்கு முன் விடுதிக்குத் திரும்பி, படுத்து எழுந்து, மாலையில் விரும்பினால் மறுபடி போகலாம். இதற்காகவே விடுதி அருகில் இருப்பது முக்கியம். மற்ற வசதிகளைக் குறைத்துக்கொண்டாவது தூரத்தைக் குறையுங்கள். முன்பதிவு செய்யும்போது 'மாற்றுத்திறனாளிகளுக்கான அறை' என்று மட்டும் சொன்னால் போதாது. குளியலறையில் தொட்டி இருக்கிறதா, சக்கர நாற்காலியோடு உள்ளே போகும் ஷவரா, பிடிமானக் கம்பி கழிப்பறையின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அப்பாவுக்கு வலப்பக்கம் வேண்டும்.

இந்த அட்டவணை பேத்திக்கு அநியாயம் இல்லையா என்றால், இல்லை. ஒருவர் அப்பாவுடன் இருக்க, மற்றவர்கள் சவாரி போய் வந்ததும் அப்பாவுடன் இருந்தவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறும் மாற்றுமுறை பல பூங்காக்களில் உண்டு. யாருக்காக அதை அனுமதிக்கிறார்கள் என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாலை அப்பாவும் அம்மாவும் விடுதியில் இருக்க, நீங்கள் குழந்தையோடு வேகமான சவாரிகளை முடித்துவிடலாம். நாற்காலி தள்ளுவதையும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்திலும் கம்பளத் தரையிலும் பெரியவர் ஒருவரை நாள் முழுதும் தள்ளுவது கடும் உழைப்பு. குடும்பச் சண்டைகள் தொடங்குவது பெரும்பாலும் தள்ளுபவரின் முதுகில்தான். உறவினர்கள் சொன்னது போல விடுமுறை கெட்டுப்போகும் குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் எல்லா நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் அவர்கள்.

விமானப் பயணத்துக்கு நிறைய எழுதலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். கழற்றக்கூடிய மெத்தையையும் காலடித் தட்டுகளையும் உங்களோடு உள்ளே கொண்டுபோங்கள். ஒப்படைக்கும் முன் நாற்காலியைப் படம் எடுத்து வையுங்கள். மடக்கும் பேட்டரி நாற்காலியாக இருந்தால், கழற்றிய லித்தியம் பேட்டரி பொதுவாக 300 வாட்-மணி வரை அனுமதி, அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். இன்சுலின் சரக்கறைக்குள் போகும் பெட்டியில் போகவே கூடாது, உறைந்துவிடலாம். மருந்துகளை இரண்டு கைப்பைகளில் பிரித்து வையுங்கள். நேர மண்டலம் மாறும் நாளில் இன்சுலினையும் மாத்திரையையும் எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் பக்கவாதம், நீரிழிவு, இதயத் துடிப்புக் கோளாறு மூன்றையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்த நோய்க்குக் காப்பீடு கைகொடுக்காது.

ஒரு சிறு அட்டையில், போகும் நாட்டின் மொழியில், நோய்கள், மருந்துகளின் பொதுப் பெயர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைக் கடைசியாக எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதி அவர் கழுத்திலோ பையிலோ வையுங்கள். அந்தக் கடைசி நேரத்தைத் தினமும் பென்சிலால் திருத்துங்கள். முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சுக் குழறினால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா ஊழியரிடம் அவசர உதவி கேளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கால வரம்பு நாலரை மணி நேரம். அந்த ஊசி போடலாமா என்று மருத்துவர்கள் முடிவு செய்ய அந்த மாத்திரை நேரம் தேவைப்படும். பக்கவாதச் சிகிச்சை உள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள்.

எந்தப் பூங்கா, எந்த மாதம் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அவற்றையும், மேலே சொன்ன நான்கு அளவுகளையும், இடப்பக்கக் கவனம் பற்றி ஒரு வாரத்தில் கண்டதையும் இங்கே எழுதுங்கள். எந்தச் சவாரிகளில் ஏறி இறங்குவது அவருக்குச் சரிவரும் என்று அந்தப் பூங்காவின் வழிகாட்டியை வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துச் சொல்கிறேன்.